ஒரு வரி கூட

"ஒரு வரி கூட எழுத மாட்டேன்னா, அப்புறம் நீங்க என்னங்க புரோகிராமர்?"

நடராசன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். திருவாரூரில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், அவனும் அம்சமும். அவ்வளவுதான் அவர்கள் கம்பெனி.

"அளக்குற பகுதியை மட்டும் எழுத மாட்டேன்னேன். பைத்தான் மொழியில அதுக்கு மத்தவங்க எழுதி வச்ச லைப்ரரி ரெடியா இருக்கு" என்றாள் அம்சம்.

அளக்க வேண்டியது, நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து, இருபத்திரண்டு விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலம். பக்கத்துப் பண்ணை சாமிதுரையின் வரப்பு நாற்பது வருஷமாகச் சாண் சாணாக உள்ளே நகர்ந்திருந்தது. பழைய அளவின் மேல் சர்வேயர் இப்போது எடுத்த புள்ளிகளை வைத்து, எவ்வளவு போயிற்று என்று காட்ட வேண்டும். திங்கட்கிழமை கோட்டாட்சியர் விசாரணை. அங்கே தோற்றால் போனது போனதுதான்.

"புதுசா ஒரு மொழி வந்திருக்குங்க. லைப்ரரி இல்லன்னா என்ன, நானே எழுதிடறேன். மின்னல் மாதிரி ஓடும்."

"ஓடி? நாகப்பட்டினம் பஸ்ஸைப் பிடிக்கப் போவுதா? இருபத்திரண்டு வயல்தானே!"

"சொந்தமா எழுதினா ஒரு கெத்துங்க."

"உங்க கெத்தை வேற வேலைக்கு வச்சுக்குங்க. இதை ஆயிரம் பேரு போட்டு அடிச்சுப் பார்த்திருக்காங்க. சரியா ஓடுதான்னு சோதிக்கிற கருவியும் கூடவே வருது. யாரு வேணா இறக்கிப் பார்த்துக்கலாம்."

"சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு விளக்கமா!"

"ஆமா, சோம்பேறிதான். டீ சொல்லுங்க."

திங்கட்கிழமை சாமிதுரையின் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, இந்த அளவுக் கணக்கை எழுதினது யாருன்னு முதல்ல கேளுங்க!"

அம்சம் அசரவில்லை. "நான் எழுதலீங்க. எங்க ஆபீஸ்ல யாரும் எழுதல. அந்தப் பகுதியில எங்க கை ஒரு வரி கூட இல்ல. புள்ளிங்களும் அரசாங்க சர்வேயர் எடுத்ததுதான். ஐயா, உங்க கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாருங்க."

கோட்டாட்சியர் தன் ஆளை விட்டே லைப்ரரியை இறக்கி ஓட்டச் சொன்னார். அதே விடை: ஏழு மா நிலம், இரண்டு ஏக்கருக்கு மேல், பண்ணைக்குள் போயிருந்தது. வக்கீல் காகிதக் கட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி. முதல் மனுதாரர், இராஜாங்கம் வாரிசு, வந்து கையெழுத்துப் போடுங்க."

நடராசன் மனுதாரர்கள் உட்கார்ந்திருந்த பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் எழுந்திருக்கவில்லை. அவன் பக்கத்திலிருந்த அம்சம் பேனா மூடியைக் கழற்றினாள்.

"என் நிலத்தை நானே அளந்தா, யாருங்க ஒத்துக்குவாங்க?"