புது கோச் எப்படி?

"மனசுல இருக்கறதை ஒளிக்காம சொல்லு, கிளைட். டேரியனை வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமா?"

காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார் லொரெட்டா அம்மாள். டொலீடோ அணியின் முதலாளி. கணவர் போனபிறகு அத்தனை பேரையும் கட்டி மேய்ப்பது அவர்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் சீசன் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை என்றாலே கோச்களுக்குப் பயம்தான். சீட்டைக் கிழிக்கிற நாள். வேறு ஊர்களில் இரண்டு மூன்று பேருக்குக் கிழித்தாகிவிட்டது என்று காரில் வரும்போதே ரேடியோவில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார் கிளைட்.

அவருக்குப் பயமில்லை. சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

கிளைட் இந்த அணியின் டிஃபென்ஸ் கோச். எதிரணி பாயின்ட் எடுக்காமல் தடுக்கிற பதினொரு பேரும் அவர் பொறுப்பு. ஏகப்பட்ட வருஷ சர்வீஸ். போன வருஷம் ஹெட் கோச் பதவி காலியானபோது, தனக்குத்தான் என்று புது சூட்கூட வாங்கி வைத்திருந்தார். எங்கிருந்தோ இந்த டேரியனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வயதிலும் சின்னவன். இன்றைக்கு அவன் போனால் அடுத்தது யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நல்ல மனுஷன்தான், மேடம்," என்று ஆரம்பித்தார் கிளைட்.

"ஆனா?"

"ஆனா கண்டிப்பு பத்தாது. யார் என்ன தப்புப் பண்ணாலும் ஒரு அதட்டல் கிடையாது. தோள்ல தட்டிட்டுப் போயிடறார். பசங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சு."

"ம். வேற?"

"நாலு பேர் பேசிக்கறதைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவர் இந்த வேலைக்கு இன்னும் பழுக்கலை. பிராக்டீஸ் முடிஞ்சதும் பொண்ணைக் கூட்டிட்டு வரணும்னு ஸ்கூலுக்குக் கிளம்பிடறார். ஹெட் கோச்னா ஆபீஸ்லயே படுத்துத் தூங்கணும் மேடம். பழைய ஆள் தூங்கலையா?"

"அவர் பொண்டாட்டி விவாகரத்து வாங்கிட்டுப் போனா," என்றார் லொரெட்டா அம்மாள். "சரி, நேத்து ஆட்டத்தைப் பத்திச் சொல்லு."

நேற்று நடந்ததுதான் ஊரே கொதித்துக்கொண்டிருக்கிற விஷயம். கடைசி நிமிஷம். டொலீடோ முன்னிலையில் இருந்தது. எதிரணியை இன்னும் ஒரே ஒரு தடவை தடுத்தால் அடுத்த சுற்று. பதினொரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர்தான் நின்றார்கள். ஒரு ஓரத்தில் ஈ காக்கை இல்லை. அங்கே நின்ற எதிரணிக்காரன் கைக்குப் பந்து வந்தது. காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி நடந்தே எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். ஆட்டம் போச்சு.

ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் டேரியனைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆள் குறைஞ்சது என் தப்பு. வேற யாரையும் கேக்காதீங்க," என்று மைக் முன்னால் சொல்லிவிட்டு டேரியன் போய்விட்டான்.

"அதான் அவரே ஒத்துக்கிட்டாரே மேடம்," என்றார் கிளைட். "நான் என்ன புதுசா சொல்ல? பத்துப் பேரை வெச்சு ஆடறது பள்ளிக்கூடப் பசங்க பண்ற வேலை."

சொல்லும்போது லொரெட்டா அம்மாளின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். ஏனென்றால் அந்தத் தப்பைப் பண்ணியவரே அவர்தான். அவசரத்தில் ஒருவனை வெளியே கூப்பிட்டவர், அவனுக்குப் பதிலாக இன்னொருவனை உள்ளே அனுப்ப மறந்துவிட்டார். டேரியனுக்கும் அது தெரியும். பக்கத்தில்தான் நின்றிருந்தான். திட்டப்போகிறான் என்று கிளைட் காத்திருந்தார். அவன் இவர் தோளையும் தட்டிவிட்டுத்தான் போனான்.

பழியை ஏத்துக்கோன்னு நானா அவன்கிட்ட கெஞ்சினேன்? மனசாட்சியை அப்படி ஒரு அதட்டுப் போட்டு உட்கார வைத்தார் கிளைட்.

"அப்போ முடிவா என்ன சொல்றே?"

"அனுப்பிடறதுதான் அணிக்கு நல்லது, மேடம். உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராம நான் பாத்துக்கறேன்."

லொரெட்டா அம்மாள் காபியை மேஜையில் வைத்தார். குரல் உயரவில்லை.

"காலையில முதல்ல டேரியனைத்தான் கூப்பிட்டேன், கிளைட். டிஃபென்ஸ்ல யார் இறங்கணும்னு சொல்றது யாரு? டேரியனா, நீயா? இத்தனை வருஷம் அணியை வெச்சிருக்கேன், இதுகூடவா எனக்குத் தெரியாது?"

கிளைட் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"உன் சீட்டைக் கிழிக்கப்போறேன்னு அவன்கிட்ட சொன்னேன். அவன் ஒத்துக்கலை. உன்னை அனுப்பினா தானும் போயிடுவேன்னு மல்லுக்கு நின்னான்."

"என்... எனக்காகவா?"

"எனக்கும் அதே ஆச்சரியம்தான். அப்படி என்னப்பா அந்த ஆள்கிட்டன்னு கேட்டேன்."

லொரெட்டா அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே பனியில் டேரியன் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தான். பெண்ணைக் கூட்டிவரப் போகிறான் போலிருக்கிறது.

"'நான் இங்க வந்த நாள்லேருந்து எல்லாரும் என்னைப் பத்தி ஏதாவது பேசிட்டுத்தான் இருக்காங்க மேடம். முதுகுக்குப் பின்னாடி என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத ஒரே மனுஷன் கிளைட்தான்'னு சொன்னான்."