வரன் விசாரிக்க ஒரு இன்டர்ன்

"வேலை கத்துக்கிடத்தான உன்னைய வரச் சொன்னேன்? உண்மையெல்லாம் விசாரிக்கச் சொன்னது யாரு?"

சோலைச்சாமி அண்ணாச்சி இப்படிக் கேட்டதும் கிருஷ்ணப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மாடியில் அவருடைய திருமணத் தகவல் மையம். பி.பி.ஏ. இரண்டாம் வருடத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். தோழிகள் ஆஸ்பத்திரி, தீப்பெட்டிக் கம்பெனி என்று முந்திக்கொண்டார்கள். இவளுக்கு மிஞ்சியது கல்யாணம்தான். அதுவும் அடுத்தவர்கள் கல்யாணம்.

போன் பேசுவதுதான் வேலை. போன இடத்தில் கிடைத்த வேலையை உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பாவம், அவள் அதை நம்பிவிட்டாள்.

எட்டயபுரத்துப் பையன் ஒருவன், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை என்று பதிந்திருந்தான். விளாத்திகுளம் ஆறுமுகசாமி தன் மகளுக்கு அவனைப் பேசி முடிக்க இருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கிருஷ்ணப்ரியா பையன் வீட்டுக்குப் போன் போட்டாள். அவன் தங்கச்சி எடுத்தாள். அண்ணன் எப்போது ஊருக்கு வருவார் என்று கேட்டதற்கு, அவன் எங்கே போனான் வருவதற்கு, காலேஜ் முடிந்ததில் இருந்து இங்கேதானே தூங்குகிறான் என்றாள்.

கிருஷ்ணப்ரியா அதை அப்படியே ஆறுமுகசாமியிடம் சொன்னாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து, அண்ணாச்சியின் நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குத்தான் அன்றைய திட்டு. திட்டி முடித்ததும் அண்ணாச்சி தொழில் பாடம் எடுத்தார். இங்கே வேலையில்லாதவன் என்று யாரும் கிடையாது, எல்லாரும் 'சொந்தத் தொழில்'. வழுக்கை கிடையாது, 'அகன்ற நெற்றி'. குடிகாரர் என்றால் 'நாலு பேரோடு கலகலப்பாகப் பழகுபவர்'. நாம் சேர்த்துவைக்கிற ஆள், பிரித்துவைக்கிற ஆள் இல்லை.

போனை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். போட்டோவில் கைலியோடு நிற்கும் மாப்பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிவிடுவது புது வேலை. அவளும் மாட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் இன்டர்ன்ஷிப் முடிந்ததாகும். ஆனால் அங்கே பதிந்திருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அவள் வயசுதான்.

ஒருநாள் அண்ணாச்சி டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார். வேலுத்தாய் என்ற அம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் மகளுக்குக் காட்டிய பையன் நிஜமாகவே பேங்கில்தான் இருக்கிறானா என்று மெதுவாகக் கேட்டாள்.



"எனக்குத் தெரியாதுக்கா. எதுக்கும் அந்த பேங்குக்கு ஒரு நடை போயி பாத்துருங்க."

திரும்பினால், அண்ணாச்சி படியேறி வந்து நின்றிருந்தார்.

நாளையில் இருந்து வர வேண்டாம் என்றார். கையெழுத்தும் கிடையாது.

ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்காக உன் படிப்பைக் கெடுத்துக்கொள்வாயா என்று ஹாஸ்டலில் தோழிகள் ஏசினார்கள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அந்தம்மாள் மறுபடி வந்து கேட்டால் வேறு என்ன சொல்வோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் அண்ணாச்சி பைக்கோடு நின்றார். தன்மேல் புகார் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, செல்போனில் ஒரு பையனின் போட்டோவைக் காட்டினார். அவருடைய மூத்த மகளுக்கு வந்த வரனாம். திருநெல்வேலியில் ஒரு தகவல் மையத்தில் கொடுத்தார்களாம். பையன் வீட்டுக்குப் போன் போட்டு, அன்றைக்கு விசாரித்த மாதிரியே விசாரித்துச் சொன்னால் போதும், கையெழுத்தை இப்போதே போட்டுத் தருகிறேன் என்றார்.

"ஏன் அண்ணாச்சி, அந்த மையத்துல எல்லாம் விசாரிச்சுத்தான தந்திருப்பாவ?"

அண்ணாச்சி அவளை, உலகம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தகவல் மையத்துக்காரன் பேச்சை நம்பி யாராவது பொண்ணைக் குடுப்பாவளா தாயி?"