எலி பிடிபடும் வரை

காவலர் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே சிக்கியவள் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்பாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு. திற!”

“எலி பிடிபடட்டும்.”

படகுத்துறைச் சோதனை அறையில் அவளுடைய பையைக் கவிழ்த்தபோதுதான் அந்த எலி துள்ளிக் குதித்து அலமாரிக்கு அடியில் மறைந்தது. சன்னலுக்குக் கம்பிவலை, கதவின் அடியில் ரப்பர்ப் பட்டை. எலி வெளியேற முடியாதபடி கட்டிய அறையிலிருந்து மனிதரும் வெளியேற முடியாது.

அந்தத் தீவில் கடற்பறவைகள் தரையில்தான் முட்டையிடும். முன்பு கரையேறிய ஓர் எலிக் குடும்பம் ஒரே பருவத்தில் பாதிக் கூடுகளைக் காலி செய்தது. அதன்பின் தீவுக்காரர்களே கூடி விதி வகுத்தார்கள்: எலி அகப்படும் வரை அறை திறக்கப்படாது; சோதனையைத் தொடங்கியவரே அதை முடிக்க வேண்டும். கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவர் அவளுடைய அப்பா.

“எலிக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்லையா?”

“மரியாதை எலிக்கு இல்ல. முட்டைக்கு.”

“கொஞ்சமா திற. சந்துல நழுவிடுறேன்.”

“நீ நழுவுற சந்து அதுக்கு ராஜபாட்டை.”

“உன் நெஞ்சுல இருக்கிறது கல்லு.”

காவலர் பொறியில் வேர்க்கடலையை மாற்றி வைத்தார். பிறகு கம்பிவலைக்கு அப்பால் தெரிந்த மேட்டு வீட்டைப் பார்த்தபடி, “காலையில ரெண்டு ஸ்பூன் தண்ணி இறங்குச்சு. கண்ணைத் திறந்தாரு” என்றார்.

அவள் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டால் எலி வெளியே வராது என்று அவர் சொன்னதும், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெயில் சன்னலை விட்டு இறங்கிய வேளையில் பொறி ‘டப்’பென்று விழுந்தது.

காவலர் பொறியைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் சுருங்கியது.

“பால் கட்டியிருக்கு. உன் பையில குட்டி இல்ல. அப்போ நீ வந்த படகுலதான் இருக்கணும். ஓடுற குட்டிங்களா இருந்தா கயித்து வழியாவே கரைக்கு இறங்கிடும். படகைத் தள்ளி நிறுத்தித்தான் தேடணும்.”

கதவைத் திறந்துவிட்டார். மேட்டுப் பாதையில் பாதி தூரம் ஓடியவள், எதையோ மறந்தவள்போல் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் படகில் ஏறிக் கயிற்றை அவிழ்த்திருந்தார். துறைக்கும் படகுக்கும் நடுவே நீர் அகன்றுகொண்டிருந்தது.

“டேய், நீ வரலையா?”

“நான் எங்கேன்னு அப்பா கேட்டா, வேலையில இருக்கேன்னு சொல்லுக்கா!”