கூண்டைக் கழற்றியவள்

தகடு வெட்டும் கூடத்தில் இயந்திரங்கள் எல்லாம் வாய்மூடி நிற்கின்றன. கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் இரும்புத்தூள் மினுமினுக்க, அமைச்சர் மைக்கில் முழங்குகிறார். "தொழிலைக் கட்டிப்போடுற விதி அத்தனையும் குப்பைக்குப் போகும்! இந்த மிஷினுக்குக்கூட ஒரு கூண்டாம், அதுக்கொரு விதியாம்!" முதலாளி விழுந்து விழுந்து கைதட்டுகிறார். அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவளுக்குக் கை எழவில்லை. கத்திக்குள் கை போகாமல் தடுக்கும் அந்தக் கூண்டு மாட்டுவதற்கு முன்பு இங்கே வேலை பார்த்த அவளுடைய அக்காவுக்கு இன்று வலக்கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். தங்கை திருகுகளைக் கழற்றி, கூண்டைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறாள். வெட்டுக்கத்தி தடால் தடாலென்று இறங்கி ஏறுகிறது. "கூண்டு போயிடுச்சுங்க ஐயா. வந்து ஒரு தகடு வைங்க, போட்டோ நல்லா வரும்." அமைச்சரின் கை மெல்லக் கோட்டுப் பைக்குள் நுழைகிறது. "என்னம்மா, விளையாடுறியா? நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா?" முதலாளி பல்லைக் கடிக்கிறார். "எங்க அக்கா விரல் போனப்போ தலைவிதின்னு சொன்னீங்க. இப்ப அந்த விதியை வச்சுக்கிட்டு, இந்த விதியைத் தூக்கப் பாக்குறீங்க." பிறகு பக்கத்து இயந்திரக்காரர் குனிந்து தன் கூண்டைக் கழற்றுகிறார். "இங்கயும் இடம் இருக்குங்க ஐயா, வாங்க."