ஊதா விளக்கின் மகிமை

“ஜன்னலைத் திறந்தது யாரு?”

சுகாதாரத் தனி அதிகாரி நாகபூஷணம் வாசற்படியிலேயே நின்று கத்தினார். சித்தூரிலிருந்து ஜீப்பில் வந்த புழுதி இன்னும் அவர் சட்டையில் இருந்தது.

நர்ஸ் தாட்சாயணி ஓடிப்போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். “பெருக்கறதுக்காகத் திறந்தேங்க சார்.”

“திறக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டிருக்கேன் இல்ல? உள்ள இருக்கற காத்தைத்தான் விளக்கு சுத்தம் பண்ணும். நீ ஊர்க் காத்தையெல்லாம் உள்ள விட்டா அது எவ்வளவுதான் பண்ணும்?”

அது 1957 ஜூன் மாதம். மெட்ராஸில் இறங்கிய ஃப்ளூ காய்ச்சல் ரயிலேறி, நெசவாளிகள் ஊரான நகரிக்கும் வந்திருந்தது. தறிக்கொட்டகையில் இன்று ஒருவர் தும்மினால் நாளை பத்துப் பேர் படுத்தார்கள். பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையைத் தற்காலிக வார்டாக்கி, பதினேழு நெசவாளிகளைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள்.

எல்லையோர ஊர்கள் ஆந்திராவுக்கா, மெட்ராஸுக்கா என்ற தகராறு தீராத சமயம். தமிழ் நெசவாளிகளை ஆந்திர அரசாங்கம் எப்படித் தாங்குகிறது என்று காட்டவேண்டாமா? அதற்காகவே நாகபூஷணம் அந்த ஊதா விளக்கை வரவழைத்தார். அதன் கதிர் பட்டால் காற்றில் மிதக்கிற வைரஸ் செத்துப்போகும்.

விளக்கு நல்ல விளக்குதான். அதோடு வந்த காகிதத்தில், சுவரில் ஏழு அடிக்கு மேலே மாட்ட வேண்டும், வெளிச்சம் ஆள்மேல் படக் கூடாது என்று அச்சடித்திருந்தது. தாட்சாயணி அதைப் படித்துக் காட்டினாள்.

“அவ்வளவு மேல மாட்டினா போட்டோவுல எப்படிம்மா விழும்?” என்று கேட்டுவிட்டு, கட்டில் உயரத்துக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்தச் சொன்னார் நாகபூஷணம். விளக்கை நகர்த்தினால் வேலை போகும் என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள் அவள். மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொடுத்தாள்.

அதெல்லாம் ஆறு நாளுக்கு முன்னால். இப்போது நாகபூஷணம் அறைக்குள் வந்து பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதினேழு கட்டிலும் காலி.

“எங்கம்மா எல்லாரும்?”

தாட்சாயணி கடைசி ஜன்னலின் கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். “எழுந்து பூட்டாங்க சார்.”

“தானாவா எழுந்து போனாங்க? யாரையும் தூக்கிக்கினு போகலையே?”

“இல்லீங்க சார். எல்லாரும் நடந்துதான் போனாங்க.”

“சாவு?”

“ஒண்ணுகூட இல்லீங்க.”

“இந்த ரூம்ல வேற யாருக்காவது தொத்திக்கிச்சா?”

“இந்த ரூம்ல யாருக்கும் தொத்தலீங்க சார்.”

“பாகுந்தி! சால பாகுந்தி! ரொம்ப நல்லாருக்கும்மா!” நாகபூஷணத்துக்குத் தெலுங்கு பொங்கி வந்தது.

அந்த நேரம் பார்த்து வார்டு வேலைக்காரி ரத்தினம்மா கதவுப்பக்கம் தலையை நீட்டினாள். “நர்ஸம்மா, அங்க நம்ம தறிக்கார கங்கையா...”

“சார் பேசிக்கினு இருக்காரு, கண்ணு தெரியல? அப்புறம் வா!”

தாட்சாயணி போட்ட அதட்டலில் ரத்தினம்மா காணாமல் போனாள்.

நாகபூஷணம் விளக்கின் தோளில் கை போட்டபடி போட்டோ எடுத்துக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டும் எழுதினார். ‘ஆறே நாளில் பதினேழு பேரும் குணம். எல்லையோர ஊர்கள் அனைத்துக்கும் உடனடியாக நாற்பது விளக்குகள் தேவை.’

ஜீப் கிளம்பிப் போனது. அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை என்று தாட்சாயணி தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலையில் ஜீப் மறுபடி வந்தது. டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் நாகபூஷணம். உடம்பு அனலாய்க் கொதித்தது. தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது.

“சித்தூர் ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்மா. நம்ம விளக்கு ரூம்லயே படுத்துக்கறேன்” என்று முனகினார். “பதினேழு பேர்ல யாருக்கு ரொம்ப மோசமா இருந்துச்சோ, அவன் குணமான கட்டில் எது? அதையே எனக்குக் கொடு.”

தாட்சாயணி அவரைப் பார்த்தாள். மீசைக்குக் கீழே உதடு வெடித்துப்போய், ஒரு வாய்த் தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அவளுக்குப் பிள்ளைகளின் நினைப்பு வந்தது. அதையும் மீறி வாய் திறந்தது.

“அப்படி ஒரு கட்டில் இல்லீங்க சார்.”

“ஏன்?”

“விளக்கு போட்ட மறுநாள் விடியறப்பவே எல்லார் கண்ணும் செவந்து எரிஞ்சுதுங்க. ஜன்னலை வேற மூடி வெச்சதுல மூச்சு முட்டுச்சு. அப்பவே பதினேழு பேரையும் ஏரிக்கரை மாந்தோப்புக்குக் கூட்டிக்கினு பூட்டேன். அங்க மரத்தடியில, நல்ல காத்துலதான் தேறிக்கினு வர்றாங்க. அப்புறம் இந்த ரூம்ல ஒருத்தருமே படுக்கலீங்க சார்.”

வேலை போயிற்று என்று தாட்சாயணி முடிவு கட்டிவிட்டாள்.

“தோப்புல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குதா?” என்று மெதுவாகக் கேட்டார் நாகபூஷணம்.

“இருக்குது சார்.”

டிரைவரைப் பிடித்துக்கொண்டு ஓரடி வைத்தவர், நின்று திரும்பினார். “ரெஜிஸ்டர்ல மட்டும், விளக்கு ரூம்ல படுத்துக் குணமான பதினெட்டாவது ஆளுன்னு என் பேரை எழுதிடும்மா. ரிப்போர்ட் நேத்தே மேலிடத்துக்குப் போயிடுச்சு!”