யாரும் தொடாத பொத்தான்

முதலில் அதை முன்வரிசையிலிருந்து இறக்கினார்கள். திரை அழகாக இருக்க வேண்டுமாம். அடுத்து அதன் மேலிருந்த படத்தைப் பிடுங்கினார்கள். பிறகு, வெற்று மூலையில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தால்தான் வெளியே வரலாம் என்று உத்தரவு போட்டார்கள். புகைப்படச் செயலியில், அழித்ததைத் திரும்பத் தரும் பொத்தானுக்கு, அதை வடிவமைத்தவர்கள் கையாலேயே நடந்தது இது.

ஒருநாள் அந்தப் போனுக்குச் சொந்தக்காரி செண்பகவல்லி, இறந்துபோன தங்கையின் ஒரே படத்தைக் கைதவறி அழித்துவிட்டாள். அழுதுகொண்டே திரை முழுக்கத் தடவித் தேடினாள்.

"மூலையிலே அழுத்தும்மா!" என்று உள்ளிருந்து கத்தியது பொத்தான். யார் காதில் விழும்?

நடுவில் சிவப்பாக நின்ற அழிக்கும் பொத்தான் சிரித்தது. "என்னை எத்தனை பேர் தொடுகிறார்கள், பார். உனக்குச் சாமர்த்தியம் போதாதுடா."

"வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று என்னையே குறை சொல்வீர்களா?"

அந்த நேரம் பார்த்துச் செயலியின் புதுப்பிப்பு வந்திறங்கியது. எல்லாப் பொத்தான்களையும் சாட்சிக்கு நிறுத்தியது.

"யாரும் பயன்படுத்தாதது இன்றோடு நீக்கப்படுகிறது," என்று சொல்லிவிட்டு, பெயரை உரக்க வாசித்தது: "மீட்டெடு."