கடிவாளம் தளர்கிறது
கற்பிட்டிக் கரையின் ஈரமணலில், சாய்ந்த காலை வெயிலில், குதிரை பழக்கும் றிஷ்னா பெட்டைக் குதிரைமேல் வட்டமிடுகிறாள். உல்லாசப் பயணிகளைச் சுமந்து முதுகு நொந்த குதிரை. இன்றும் நொண்டினால் விற்று, பாலாவியிலிருந்து வரும் லொறியில் ஏற்றிவிடத்தான் சொந்தக்காரர் ஜபார் வந்து நிற்கிறார். தன் சாமானிலேயே குறை பிடிக்கும் யாவாரி. “கடிவாளத்த இழுத்துப் புடி புள்ள, தல நிமிர்ந்தாத்தான் எடுப்பு.” “எடுப்பு ஒங்களுக்கு, நோவு அதுக்கு, ஜபார் நானா. இழுத்தா முதுகு பள்ளமாயிரும்.” அவள் கடிவாளத்தைத் தளர்த்துகிறாள். கழுத்து வளைந்து நீள்கிறது. பின்னங்கால்கள் வயிற்றுக்கடியில் ஆழ எட்டி வைக்கின்றன. அமுங்கிக் கிடந்த முதுகு, பாரம் இறக்கிய தராசுத் தட்டுப்போல் எழும்புகிறது, பாரம் மேலே இருக்கும்போதே. குளம்பொலி கொஞ்சமும் பிசகவில்லை. ஜபார் கைபேசியை எடுக்கிறார். சத்தம் பட்டால் அந்த முதுகு இறங்கிவிடும் என்பதுபோல் கிசுகிசுக்கிறார்: “பாலாவி லொறிய வர வாணாமெண்டு சொல்லு.”